காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டாம்



ஊர் உறவுகளே, பெற்றோரே, பழைய மாணவர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக் கடந்துபோக வேண்டாம். பாடசாலை, பள்ளிவாசல், சங்கம், மருந்துக் கடை என்று நமது ஊரில் கணினி இல்லாத இடம் இப்போது குறைவு. அந்தக் கணினிகளுக்குள் நமது பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. ஆகவே இது எல்லோருக்கும் உரிய விடயம்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் என்ற வகையில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். கணினி "அனுமதி இல்லை" என்று சொன்னால், ஏன் என்று முதலில் கேட்க வேண்டும். பாதுகாப்பை நிறுத்திவிட்டு வேலையை முடிப்பது தீர்வு அல்ல. வகுப்பில் நாங்கள் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். வகுப்புக்கு வெளியே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆலோசனையோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

ஓர் உதாரணத்தோடு சொல்கிறோம்.

உயர்தர மாணவர்கள் சிலர் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவி, கடந்தகால வினாத்தாள்களை ஒன்றுசேர்த்து, பாடசாலை வலையமைப்புக்குள் எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு சிறிய சேவரை அமைத்தார்கள். டேட்டா போட வசதியில்லாத பிள்ளையும் வினாத்தாளைப் பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். நல்ல வேலை. ஆரம்பத்தில் போட்ட தாள்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. பிறகு சேர்த்த தாள்கள் மட்டும் திறக்கவில்லை. திரையில் 403, அனுமதி இல்லை என்று வந்தது. ஒரே கோப்புறை, ஒரே உரிமையாளர், ஒரே மாதிரியான கோப்புகள். "சேர், எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு, ஏன் இது மட்டும் வருதில்ல?" என்று கேட்டார்கள்.

பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுமம் ஒன்றில் கேட்டதும் பதில்கள் வந்தன. ஒருவர் "சிஎச்மொட் 777 போடுங்க" என்றார். இன்னொருவர் "செட்என்ஃபோர்ஸ் 0 போடுங்க, எல்லாம் ஓடும்" என்றார். மூன்றாமவர் அமைப்புக் கோப்பைத் திறந்து எஸ்ஈலினக்ஸை முழுதாகவே நிறுத்தச் சொன்னார். மூவரும் உதவி செய்யத்தான் வந்தார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏன் திறக்கவில்லை என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த "ஏன்" என்ன என்று பார்ப்போம்.

பொதுவாக லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு உண்டு. யார் வாசிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். 777 என்றால் மூன்று தரப்புக்கும் மூன்று உரிமையும் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் திறக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அதைப் போட்டும் பார்த்தார்கள். அப்போதும் திறக்கவில்லை. இதுவே ஒரு தடயம். சாவி இருந்தும் கதவு திறக்கவில்லையென்றால் தடுப்பது பூட்டு அல்ல, அங்கே வேறொரு காவலாளி நிற்கிறான்.

அந்தக் காவலாளிதான் எஸ்ஈலினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் உருவாக்கி 2000 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஒன்று. 2003இல் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. ஃபெடோரா, ரெட் ஹெட் வழிவந்த லினக்ஸ் வெளியீடுகளில் நிறுவும்போதே இயங்கு நிலையில் இருக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பரீட்சை நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அறைச் சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. அதற்காக அறையிலுள்ள எந்தப் பொதியையும் அவர் நினைத்த நேரத்தில் பிரிக்க முடியுமா? முடியாது. பொதியின் மேல் பாடம், நாள், நேரம் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். சாவியும் சரியாக இருக்க வேண்டும், பொதியில் ஒட்டியிருக்கும் சீட்டும் பொருந்த வேண்டும். உரிமையாளர், குழு என்ற அனுமதி சாவி மாதிரி. எஸ்ஈலினக்ஸ் பார்ப்பது சீட்டை.

அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது? கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை, பெயரிலும் இல்லை. ஒவ்வொரு கோப்போடும் சில மேலதிகப் பண்புகளைச் சேமித்து வைக்கக் கோப்பு முறைமையில் இடம் உண்டு. எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட் என்று சொல்வார்கள். அதில் "செக்கியூரிட்டி டொட் எஸ்ஈலினக்ஸ்" என்ற பெயரில்தான் இந்தச் சீட்டு எழுதப்படுகிறது. சாதாரணமாகக் கோப்புகளைப் பட்டியலிட்டால் கண்ணுக்குத் தெரியாது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இஸட் சேர்த்தால் தெரியும். பிள்ளைகளுக்கு இஸட் புள்ளி பற்றிய கவலைதான் தெரியும், இந்த இஸட்டையும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்படிப் பட்டியலிட்டதும் விடயம் வெளியே வந்தது. திறந்த தாள்களின் சீட்டில் "வலைத்தள உள்ளடக்கம்" என்ற வகை இருந்தது. திறக்காத தாள்களில் "பயனரின் வீட்டுக் கோப்பு" என்ற வகை இருந்தது. வலைச் சேவை என்ற மென்பொருள் முதலாவதை வாசிக்கலாம், இரண்டாவதை வாசிக்கக் கூடாது என்பது விதி. காவலாளி விதிப்படிதான் நடந்திருக்கிறான்.

ஒரே கோப்புறைக்குள் இரண்டு வகைச் சீட்டு எப்படி வந்தது? இங்கேதான் பாடம் இருக்கிறது. ஆரம்பத் தாள்களைப் பிள்ளைகள் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். பிரதி எடுக்கும்போது ஒரு புதிய கோப்பு பிறக்கிறது. புதிதாகப் பிறப்பது தான் பிறந்த கோப்புறையின் சீட்டைப் பெற்றுக்கொள்ளும். பிந்திய தாள்களை அவர்கள் தங்கள் வீட்டுக் கோப்புறையிலிருந்து நகர்த்திப் போட்டிருந்தார்கள். நகர்த்தினால் புதிதாக எதுவும் பிறப்பதில்லை. அதே கோப்பு, பழைய சீட்டோடு புதிய இடத்தில் வந்து உட்காருகிறது. சிபி என்பதற்கும் எம்வி என்பதற்கும் வித்தியாசம் என்ன என்று தரம் 12 பிள்ளையிடம் கேட்டால், "ஒன்றில் பழையது மிஞ்சும், மற்றதில் மிஞ்சாது" என்பான். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மறுபாதி இந்தச் சீட்டு.

ஊகத்தில் நிற்காமல் இதை உறுதிப்படுத்தவும் வழி உண்டு. எஸ்ஈலினக்ஸ் தடுக்கும்போது தணிக்கைப் பதிவேட்டில் எழுதி வைக்கும். ஏஉசேர்ச் என்ற கட்டளையால் அதைத் தேடி எடுக்கலாம். அந்த வரி பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் நான்கு விடயங்களைத்தான் தேட வேண்டும். யார் கேட்டது, என்ன செய்யக் கேட்டது, எதைக் கேட்டது, இரண்டு பக்கத்துச் சீட்டுகளும் என்ன. வலைச் சேவை, வாசிக்க, இன்ன வினாத்தாளை, அதன் சீட்டு வீட்டுக் கோப்பு. காரணம் எழுத்தில் இருக்கிறது.

ஒழுங்கு முறையையும் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டும். லினக்ஸ் முதலில் சாதாரண அனுமதியைப் பார்க்கும். அங்கேயே மறுப்பு என்றால் எஸ்ஈலினக்ஸிடம் கேட்கவே மாட்டாது, பதிவேட்டிலும் ஒன்றும் இராது. ஆகவே முதலில் சாவி, பிறகு சீட்டு, பிறகு பதிவேடு. சில மறுப்புகளைப் பதிவேட்டில் எழுதாமல் விடும்படியும் விதிகளில் இருக்கும். அந்த மௌனத்தைத் தற்காலிகமாக நீக்கிப் பார்க்கவும் கட்டளை உண்டு. அது அடுத்த படி.

தீர்வு என்ன? ரெஸ்டோர்கொன் என்ற ஒரு கட்டளை. இந்த இடத்தில் இருக்க வேண்டிய கோப்புக்கு எந்தச் சீட்டு உரியது என்று விதிப் புத்தகத்தில் பார்த்து, தவறான சீட்டைக் கழற்றிச் சரியானதை ஒட்டிவிடும். ஒரே வரி. எந்தப் பாதுகாப்பும் நிற்கவில்லை, எந்த விதியும் தளரவில்லை. வினாத்தாள்கள் எல்லாம் திறந்தன.

இப்போது அந்த மூன்று ஆலோசனைகளுக்கும் திரும்பி வருவோம்.

777 பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஆனால் அந்தக் கணினியில் கணக்குள்ள யாரும் வினாத்தாளை மாற்றி எழுதலாம் என்ற புதிய பிரச்சினையைத் தந்தது. தீராத மருந்தின் பக்கவிளைவு மட்டும் மிஞ்சிய கதை. அதை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

செட்என்ஃபோர்ஸ் 0 போட்டால் திறந்திருக்கும். உண்மை. காவலாளி தடுப்பதை நிறுத்தி, எழுதுவதை மட்டும் தொடர்வான். காரணம் கண்டுபிடிக்கும் கருவியாகச் சில நிமிடங்களுக்கு இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஒரு சேவையை மட்டும் அப்படித் தளர்த்திப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் நமது பழக்கம் என்ன? திறந்துவிட்டதா, அத்தோடு எழுந்து போய்விடுவது. அடுத்த தடவை கணினியை மூடித் திறக்கும்போது காவல் திரும்ப வரும், பிரச்சினையும் திரும்ப வரும். அப்போது மூன்றாவது ஆலோசனைக்குப் போவார்கள்.

மூன்றாவதுதான் மிகவும் மோசமானது. எஸ்ஈலினக்ஸை முழுதாக நிறுத்தினால் அதன் பிறகு உருவாகும் கோப்புகளுக்குச் சீட்டே ஒட்டப்படுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பொறுப்பான ஒருவர் வந்து பாதுகாப்பை மீண்டும் இயக்க நினைத்தால், கணினி முழுவதும் சீட்டில்லாத கோப்புகள். எல்லாவற்றுக்கும் மீளச் சீட்டு ஒட்டாமல் இயக்கினால் கணினி ஒழுங்காக எழும்பாமலும் போகலாம். "பார்த்தீங்களா, இதைப் போட்டதும் எல்லாம் நின்றுவிட்டது" என்று பழி காவலாளி மேல்தான் விழும்.

நான்காவதாக ஒரு பொறி இருக்கிறது. அது கொஞ்சம் படித்தவர்களுக்கு. ஓடிட்2அலவ் என்ற கருவி, பதிவேட்டிலுள்ள மறுப்புகளைப் பார்த்து, அவற்றை அனுமதிக்கும் விதியைத் தானே எழுதித் தரும். நமது உதாரணத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தியிருந்தால் என்ன விதி கிடைத்திருக்கும்? "வலைச் சேவை பயனர்களின் வீட்டுக் கோப்புகளை வாசிக்கலாம்" என்ற விதி. பத்து வினாத்தாளுக்காக, அந்தக் கணினியில் வேலை செய்யும் எல்லோரது சொந்தக் கோப்புகள் மீதும் இருந்த அந்தத் தடையை எடுத்துவிட்டதாக ஆகியிருக்கும். சீட்டு பிழையென்றால் சீட்டைத் திருத்த வேண்டும். பிழையான சீட்டுக்கு ஏற்ப விதியை மாற்றக் கூடாது.

சிலர் இங்கே இரண்டு கேள்விகள் கேட்பார்கள்.

முதலாவது, "உங்கட பாடசாலைச் சேவரை யார் வந்து உடைக்கப் போறான்?" என்பது. வினாத்தாள் மட்டும் என்றால் சரி. ஆனால் ஒரு கணினி பாடசாலைக்கு வந்தால் அது வினாத்தாளோடு நிற்காது. வரவுப் பதிவு வரும், புள்ளிகள் வரும், பெற்றோரின் தொலைபேசி இலக்கம் வரும், எந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை, எந்தப் பிள்ளையின் வாப்பா இல்லை என்ற விபரம் வரும். பள்ளிவாசல் கணினியில் ஸக்காத் பெறுவோர் பட்டியல் இருக்கும். தான் உதவி பெறுவது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று எண்ணுகிற மனிதரின் பெயர் அது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நமது நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் வந்துதான் நாம் கவனமாக வேண்டும் என்றில்லை.

இன்னுமொன்று. உடைப்பவன் நமது பாடசாலையைத் தேடி வர வேண்டியதும் இல்லை. வலைச் சேவை மென்பொருளில் எங்கோ ஒரு ஓட்டை இருந்து, அதன் வழியே யாராவது நுழைந்தாலும், அந்த மென்பொருள் தனக்குரிய சீட்டுள்ள கோப்புகளைத் தாண்டிப் போகாமல் கட்டிவைப்பதுதான் எஸ்ஈலினக்ஸின் வேலை. வெளிக்கதவு உடைந்தாலும் அலுமாரி பூட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. "இது மிகவும் சிக்கலானது. வேலையில் இருக்கிற பொறியியலாளர்களே நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பார்கள். சிக்கல்தான். கணினி "அனுமதி இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் தடுத்தது என்று சொல்லாமல் விடுவது பெரிய குறைதான். அதிலும் உபுண்டு போன்ற வெளியீடுகளில் காவலாளியே வேறு. அங்கே ஆப்ஆர்மர். அது கோப்பில் ஒட்டிய சீட்டைப் பார்க்காது, கோப்பு இருக்கும் பாதையைப் பார்த்து முடிவு செய்யும். ஃபெடோராவுக்குச் சொன்ன பதிலை உபுண்டுவில் போட்டால் வேலை செய்யாது. அதனால்தான் இணையத்தில் எவரோ எழுதிய கட்டளையை அப்படியே ஒட்டுவது ஆபத்து. எந்தக் காவலாளி கடமையில் இருக்கிறான் என்பதே முதல் கேள்வி.

ஆனால் சிக்கல் என்பது படிப்பிக்காமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் அமிலத்தைக் கையாளச் சொல்லிக் கொடுக்கிறோம், கடினம் என்று கையுறையைக் கழற்றச் சொல்வதில்லை. இந்தப் பிள்ளைகள்தான் நாளை வைத்தியசாலையிலும் வங்கியிலும் வெளிநாட்டு நிறுவனத்திலும் சேவர்களுக்குப் பொறுப்பாக இருக்கப் போகிறார்கள். பதினெட்டு வயதில் "நிறுத்திவிடு, ஓடும்" என்று பழகிய கை, முப்பது வயதிலும் அதையே செய்யும்.

லினக்ஸே தெரியாதவர்களுக்கும் இதே விடயம் வேறு உருவத்தில் வருகிறது. விண்டோஸில் இணையத்திலிருந்து இறக்கிய வேர்ட் கோப்பைத் திறக்கும்போது மேலே மஞ்சள் பட்டை ஒன்று வருமே, பார்த்திருப்பீர்கள். அதுவும் கோப்போடு ஒட்டிய ஒரு கண்ணுக்குத் தெரியாத குறிப்பினால்தான் வருகிறது. இது வெளியிலிருந்து வந்தது, கவனம் என்பதே அந்தக் குறிப்பு. 2022இலிருந்து, அந்தக் குறிப்புள்ள கோப்புகளிலுள்ள மெக்ரோக்களை மைக்ரோசொஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. நமது கணினி நிலையங்களில் அந்தப் பட்டையைப் படித்துவிட்டு அழுத்துபவர் எத்தனை பேர்?

அதே கோப்பை எஃப்ஏடி32 முறையிலுள்ள பென்ட்ரைவில் பிரதி செய்தால் அந்தக் குறிப்பு விழுந்துவிடும். அந்தப் பென்ட்ரைவில் இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு இடமே இல்லை. லினக்ஸின் சீட்டுக்கும் அதே கதி. ஆகவே சேவரைப் பென்ட்ரைவில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவும். கோப்பு இருக்கும், சீட்டு இருக்காது. டார் கொண்டு பொதி செய்தாலும் ஆர்சிங்க் கொண்டு பிரதி எடுத்தாலும், மேலதிகப் பண்புகளையும் சேர்த்து எடு என்று தனியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எடுக்காது. மீட்டெடுத்த பிறகு ரெஸ்டோர்கொன் ஓட்டிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

கையிலுள்ள ஆண்ட்ரொய்ட் போனிலும் இதே எஸ்ஈலினக்ஸ்தான் காவல் நிற்கிறது. 2013இல் வந்த 4.3ஆம் பதிப்பில் அறிமுகமாகி, 2014இன் 5.0ஆம் பதிப்பிலிருந்து முழுமையாகத் தடுக்கும் நிலையில் இயங்குகிறது. கடையில் கொடுத்து "ரூட்" பண்ணுவிக்கிற தம்பிமார் இதையும் யோசிக்க வேண்டும். பல தடவைகளில் அங்கே முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது இந்தக் காவலாளிதான்.

கடைசியாக, சில வேண்டுகோள்கள்.

பழைய மாணவர்களே, நீங்கள் கொழும்பிலோ கட்டாரிலோ இருந்துகொண்டு நமது பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்வது பெரிய உதவி. தயவுசெய்து கட்டளையை மட்டும் அனுப்ப வேண்டாம். "பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது? சீட்டு என்ன?" என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதிப் பாடம்.

நிருவாகிகளே, பள்ளிவாசலுக்கோ சங்கத்துக்கோ கணினி அமைத்துத் தருபவரிடம் வேலை முடிந்ததும் ஒன்று கேளுங்கள். "எதையாவது நிறுத்தி வைத்தீர்களா? ஏன்? எப்போது மீண்டும் இயக்குவீர்கள்?" பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தொழினுட்பம் தெரியாமலே கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு கோப்புத் திறக்கவில்லை என்று இரண்டு மணித்தியாலம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால், நேரத்தை வீணாக்குகிறான் என்று முடிவு செய்ய வேண்டாம். யூடியூபில் பார்த்ததை ஒட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழும்புபவனைவிட அவன் அதிகம் படிக்கிறான்.

சக ஆசிரியர்களே, செய்முறை வகுப்பில் எல்லாம் ஓடுகிற உதாரணத்தை மட்டும் காட்டாமல், வேண்டுமென்றே ஒரு கோப்பின் சீட்டை மாற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தேட விடுவோம். பரிசோதனைக் கணினி ஒன்று போதும், செலவே இல்லை. ஒரு பாடவேளை பிடிக்கும். ஆனால் அந்தப் பாடவேளையில் காரணத்தைத் தேடிப் பிடித்த பிள்ளை, பிறகு யார் சொன்னாலும் காவலை நிறுத்திவிட்டு எழுந்து போகாது.

உங்கள் அனுபவங்களையும் மாற்றுக் கருத்துகளையும் கீழே எழுதுங்கள். கணினி ஏதாவது "அனுமதி இல்லை" என்று அடம்பிடித்தால், நிறுத்துவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.